புதுப்பிப்பு: அப்பாவின் கண்ணில் இறங்கிய திரை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு இடது கண் ஐந்து நிமிடம் திரை இறங்கின மாதிரி இருட்டி, தானாகவே சரியாகிவிட்டது, கண்ணாடியை மாற்றினால் போதுமா என்று. போதாது. "கழுத்தைப் பாருங்கள்" என்று எழுதிய இருவருக்கும் கோடி நன்றி.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போய் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். கழுத்தில் ஜெல்லைத் தடவி, "அனங்கல்லே அச்சா" (அசையாதீங்க அப்பா) என்றார் ஸ்கேன் எடுத்த பெண். இடது கரோட்டிட் தமனியில் 80 சதவீத அடைப்பு. அந்தப் பக்கத்துக் கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் போகிற வழி அது. படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து கண்ணுக்குப் போயிருக்கிறதாம். மூளைக்குப் போயிருந்தால் வலது கையும் பேச்சும் விழுந்திருக்கும். அப்போதுதான் அப்பா மெல்லச் சொல்கிறார், முந்தின வாரம் டீ டம்ளர் வலது கையிலிருந்து நழுவியதாம்! "வழுக்கிருச்சுன்னு நெனச்சேன்."

1991-இல் வந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்றை டாக்டர் சொன்னார். அறிகுறி காட்டிய, 70 சதவீதத்துக்கு மேற்பட்ட அடைப்பு இருந்தவர்களில், இரண்டு வருடத்துக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 26 சதவீதம், கழுத்துத் தமனியைத் திறந்து கொழுப்பை எடுக்கிற ஆபரேஷனும் செய்தவர்களுக்கு 9. அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் அதிகமாம். அறிகுறியே இல்லாத அடைப்புக்குக் கணக்கு வேறு.

பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தொடர்கின்றன. பீடிக்கட்டை அம்மா அடுப்பில் போட்டுவிட்டார்.