நவம்பரில் மான் வேட்டையா, மகளின் மேசையா?

மேடிசன்_ரிட்டர்ன்:
அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 13 வருடம் இருந்துவிட்டு 3 வருடம் முன்பு பெங்களூர் திரும்பியவன் நான். வைட்ஃபீல்டில் 9வது மாடி. அங்கே இருந்தபோது வருடம் தானாக ஒரு தாளத்தில் ஓடும். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை மான் துப்பாக்கி சீசன் தொடங்கும், 9 நாள். மான் கிடைத்தால் டிசம்பர் முழுக்க வெட்டுவது, பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் அடுக்குவது, சமைப்பது. ஜனவரியில் வெளியே கால் வைக்க முடியாத குளிர் வந்தபிறகு கராஜில் மரவேலை. திரும்பி வந்தபிறகும் நவம்பர் நெருங்கினால் கால் வீட்டில் நிற்பதில்லை. மூன்று வருடமும் 2 வார லீவு போட்டு, அந்த மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு மேற்கே பழைய நண்பரின் நிலத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

இந்த வருடம் வீட்டில் பஞ்சாயத்து. போன ஆகஸ்டில் மகளுக்குப் படிக்கும் மேசை செய்யலாம் என்று மாமரப் பலகை வாங்கினேன். செப்டம்பரில் ஒட்டி, மேசையின் மரச்சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன், நவம்பரில் வேட்டைக்குப் போனேன், டிசம்பரில் ஆபீஸ் வேலை கழுத்தைப் பிடித்தது, மார்ச்சில் பார்த்தால் மேல்பலகை நடுவில் பிளந்து நிற்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினால் விழாமல் நிற்கும். "அவள் காலேஜ் முடிப்பதற்குள்ளாவது கிடைக்குமா?" என்று மனைவி கேட்கிறார். டிக்கெட் இன்னும் போடவில்லை. வேட்டை, மரவேலை, சமையல் மூன்றையும் ஒரே வருடத்துக்குள் ஓட்டுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சட்டப்பக்கம்:
சார், கோபப்படாதீர்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, காட்டு முயலைப் பிடித்தாலே வழக்கு. இங்கே செய்தால் குற்றம் என்று தெரிந்த ஒரு காரியத்தைச் செய்வதற்காகப் பாதி உலகம் பறந்து போவதும், அதை 'சீசன்' என்று சொல்லி வீட்டில் லீவு கேட்பதும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மேசைதான் முக்கியம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

மேடிசன்_ரிட்டர்ன்:
அங்கே அந்த ஊர்ச் சட்டம், இங்கே இந்த ஊர்ச் சட்டம். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவன் அங்கே பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் லைசென்ஸ். விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொடவே வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இரண்டும் என்னிடம் உண்டு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 10, 11 சதவீத வரி 1937லிருந்து மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குத்தான் போகிறது. சும்மா சுட்டுவிட்டு வருகிறவனில்லை நான். சாப்பிடுவதற்காகச் சுடுகிறேன், கடையில் பிளாஸ்டிக் தட்டில் கறி வாங்குவதைவிட இது நேர்மையானது என்று நம்புகிறேன்.

கம்பம்காரன்:
சட்டப்பக்கம் தம்பிக்கு ஊரில் ஒரு சென்ட் நிலம் இருக்கிறதா? எங்கள் பக்கம் ஒரே ராத்திரியில் கடலைக்காட்டை உழுத மாதிரி புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது காட்டுப்பன்றி. விரட்டலாம், வேலி போடலாம், நிவாரணத்துக்கு மனு எழுதலாம், கை மட்டும் வைக்கக் கூடாது. கேரளத்தில் 2022ல் பஞ்சாயத்துத் தலைவரே சுட உத்தரவிடலாம் என்று கொண்டுவந்தார்கள், அதிலும் சுட்டதைப் புதைக்க வேண்டும், ஒரு துண்டு சட்டிக்குப் போகக் கூடாது. எங்கள் தாத்தா காலத்தில் அறுப்பு முடிந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போவார்கள், பிடித்ததைத் தெருவே பங்கு போட்டுத் தின்னும். இவர் எங்கேயோ சட்டப்படி போய் வருகிறார், போகட்டும் விடுங்கள்.

சட்டப்பக்கம்:
அண்ணா, பன்றிப் பிரச்சினை வேறு. அது பயிர் காக்கும் பிரச்சினை. அதை இவருடைய நவம்பர் சுற்றுலாவோடு முடிச்சுப் போடாதீர்கள்.

குடகு_மருமகள்:
இரண்டு பேரும் சொல்வதில் ஒரு இடம் விட்டுப்போகிறது. நான் பிறந்தது கோயம்புத்தூர், வாக்கப்பட்டது மடிக்கேரிப் பக்கம். இங்கே செப்டம்பர் 3ஆம் தேதி கைல்பொல்து, குடகின் கொடவர் சமூகத்துப் பண்டிகை. நாற்று நட்டு முடிந்தபிறகு ஆயுதங்களைக் கழுவி, தோக்குப்பூவைத் துப்பாக்கிக் குழலில் சொருகிப் பூஜை போடுவார்கள். வயல் வேலை முடிந்தது, இனி துப்பாக்கியை எடுத்துப் பயிரைக் காவல் காக்கலாம், வேட்டைக்குப் போகலாம் என்பதுதான் அந்தப் பண்டிகை. சீசன் என்ற யோசனை வெளிநாட்டிலிருந்து வந்ததில்லை. கொடவர்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் விலக்கு இன்றும் உண்டு, வேட்டை மட்டும் இல்லை. இப்போது மரத்தில் தேங்காயைக் கட்டி வைத்துச் சுடுகிறார்கள், பந்திக்கறி என்ற பன்றிக்குழம்புக்குப் பண்ணைப் பன்றிதான் வருகிறது. என் மாமனார் ஆரம்பத்தில் முகம் சுளித்தாராம். கச்சம்புளி என்ற குடகுப் புளிச்சாறு விட்டுக் கறுப்பாகச் சுண்ட வைத்தால் இன்று அவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

அல்சூர்_அடுப்பு:
நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான் தம்பி. சாப்பிடுவதற்காகச் சுடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, போன நவம்பரில் சுட்டதை யார் சாப்பிட்டது?

மேடிசன்_ரிட்டர்ன்:
அக்கா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். கறியை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது. முன்பெல்லாம் நானே பங்கு போட்டு, முதுகுக்கறியை முதல் வாரமே வாட்டிச் சாப்பிடுவேன். இப்போது அந்தப் பகுதியில் மானுக்கு ஒரு மூளைநோய் இருக்கிறது. அந்த மாநிலத்தில் 2002லேயே கண்டுபிடித்தது இதே மேடிசனுக்கு மேற்கேதான். சமைத்தால் சாகும் கிருமி இல்லை அது, அதனால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கறியைத் தொடாமல் வைப்போம். போன முறை முடிவு வருவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. நோய் இல்லை என்று வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது. நண்பர் வீட்டில் சாப்பிட்டார்கள், படம் அனுப்பினார்கள்.

அல்சூர்_அடுப்பு:
அப்படியென்றால் போன வருடம் நீங்கள் சுட்டது படத்துக்காகத்தான். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். வேட்டைக்கறி என்றாலே பாதி வேலை சுட்டதற்குப் பிறகுதான் என்று 13 வருடம் செய்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மேல்சவ்வு, பளபளவென்று வெள்ளையாக இருக்குமே, அதை மெல்லிய கத்தியை லேசாகச் சாய்த்துப் பிடித்து உரிக்காவிட்டால் எந்த மசாலாவும் உள்ளே இறங்காது. மான்கொழுப்பைத் தாட்சண்யம் பார்க்காமல் எடுத்து எறிய வேண்டும், ஆட்டுக்கொழுப்பு மாதிரி அது உருகி மணக்காது, ஆறினதும் மெழுகாக மேலண்ணத்தில் ஒட்டும். நான் சமைத்தது ஒரே முறை, தங்கை வீட்டில், டெக்சாஸில். முதுகுக்கறியை மிளகு, உப்பு, கொஞ்சம் நெய்யோடு இரும்புச்சட்டியில் இரண்டு பக்கமும் வாட்டி உள்ளே சிவப்பாக இருக்கும்போதே இறக்கினேன். தொடைக்கறியையும் அதே மாதிரி செய்தது என் முட்டாள்தனம், செருப்பு மாதிரி ஆகிவிட்டது. இந்த வேலையெல்லாம் இல்லாமல் வெறும் துப்பாக்கி மட்டும் மிச்சமானால், சட்டப்பக்கம் சொல்வது அப்போது சரியாகிவிடுகிறது.

கம்பம்காரன்:
அக்கா சொல்வது வலிக்கிற மாதிரி இருந்தாலும் ஞாயம். நான் கட்சி மாறவில்லை, ஆனால் பங்கு போட்டுத் தின்னாத வேட்டையை எங்கள் ஊரிலும் மதிக்க மாட்டார்கள்.

மேடிசன்_ரிட்டர்ன்:
சரி, அது என் தப்பு. மற்றதையும் கேளுங்கள். எல்லோரும் மேசை மேசை என்கிறீர்களே, 9வது மாடியில் மரவேலை எப்படிச் செய்வது? ஞாயிற்றுக்கிழமை ரூட்டரை, அதாவது மரம் குடையும் மெஷினை, போட்டால் பத்தாவது நிமிடம் செக்யூரிட்டி மணி அடிக்கிறார். தூசு பக்கத்து வீட்டுத் துணியில் படிகிறது. மரம் வேறு மோசம், கடைக்காரர் காய்ந்த மரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இழைப்புளி:
இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு படித்தேன், மரத்தைக் குறை சொன்னதும் முடியவில்லை. உங்கள் மேசை பிளந்ததற்குக் கடைக்காரர் கால்வாசிக் காரணம், முக்கால்வாசி நீங்கள். பலகையை வாங்கியது மழைக்காலத்தில், ஒட்டியதும் மழைக்காலத்தில். மாமரம் அந்த ஈரத்தைக் குடித்து விரிந்திருக்கும்போது நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு அசையாமல் இறுக்கினீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூர்க் காற்று காய்ந்து போகும், பலகை சுருங்கப் பார்க்கும், ஸ்க்ரூ விடாது. அப்புறம் அது பிளக்காமல் என்ன செய்யும்? நீளவாக்கில் மரம் அசைவதாகவே தெரியாது. அகலவாக்கில் 2 அடிப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் போய் வரும். அதற்கு இடம் விட்டுத்தான் பூட்ட வேண்டும். சட்டத்தில் துளையை அகலவாக்கில் நீளமாகக் குடைந்து, வாஷர் வைத்து, ஸ்க்ரூவை லேசாக இறுக்கினால் போதும், பலகை தன் பாட்டுக்கு நகர்ந்துகொள்ளும்.

விஸ்கான்சினில் உங்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, அங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வறட்சியில் செய்திருப்பீர்கள். இங்கே சீசன் தலைகீழ். மழையில் மரம் வாங்கி, வீட்டுக்குள்ளேயே குச்சி வைத்து இடைவெளி விட்டு அடுக்குங்கள். டிசம்பர் தாண்டி ஈரப்பத மீட்டரில் 10, 12 காட்டும்போது ஒட்டுங்கள். உங்கள் ஊர் மானுக்குச் சீசன் எப்படியோ, இந்த ஊரில் மரத்துக்கு அப்படி. சத்தத்துக்கு ரூட்டர் வேண்டாம், இழுத்து அறுக்கும் ஜப்பான் வாள், கொட்டாப்புளி, இரண்டு உளி, ஒரு இழைப்புளி போதும். என் பெயரே அதுதான். முருகேஷ்பாளையாவில் மூன்றாவது மாடியில் 8 வருடமாக வேலை பார்க்கிறேன், பால்கனியில் கிடக்கும் மரச்சுருளைக் கீழ்வீட்டுப் பாட்டி குப்பைமேனிச் செடிக்குப் போட வாங்கிப் போகிறார். முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

சட்டப்பக்கம்:
இழைப்புளி சார் சொன்னதையே என் கட்சிக்கும் எடுத்துக்கொள்கிறேன். ஒட்ட வேண்டிய மாதம் டிசம்பர், ஜனவரி. நவம்பரில் 2 வாரம் காணாமல் போய், திரும்பி வந்து ஆபீஸ் பாக்கியில் முங்கினால் அந்த மாதம் கையை விட்டுப் போகிறது. ஒவ்வொரு வருடமும் இதுதானே நடக்கிறது?

அல்சூர்_அடுப்பு:
சமைக்க ஏங்குகிறவருக்கு இங்கே வழி இல்லாமல் இல்லை. சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் காடை கிடைக்கும், பண்ணையில் வளர்த்த ஜப்பான் காடை, ஐந்தாறு வாரக் குஞ்சு, 200 கிராம் சுமார். முதுகுப்பக்கம் கத்திரியால் வெட்டிப் பரப்பி, சின்ன வெங்காயம், மிளகு, கல்லுப்பு தடவி இரும்புத்தட்டில் எடை வைத்து அழுத்தி வாட்டுங்கள். பண்ணை முயலும் உண்டு. காட்டு ருசி வராது, அதை நான் மறைக்கவில்லை.

கம்பம்காரன்:
காடையைச் சொல்லிவிட்டு உப்புக்கண்டத்தை விட்டுவிட்டீர்களே. ஃப்ரீசர் இல்லாத காலத்து வேட்டைக்கறியே அதுதான். வெள்ளாட்டுத் தொடையை விரல் தடிமனில் நீளமாக அரிந்து, உப்பு மஞ்சள் மிளகாய் தடவிக் கயிற்றில் கோத்து, பங்குனி வெயிலில் பலகை மாதிரி காயவிட வேண்டும். 9வது மாடி பால்கனிக்கு அதைவிட நல்ல வேலை ஏது, காக்காய்க்கு மட்டும் வலை கட்டுங்கள்.

மேடிசன்_ரிட்டர்ன்:
ராத்திரி 11 மணிக்கு மேசையைத் தலைகீழாகப் போட்டு 14 ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு விஷயம், மார்ச்சில் நாணயம் நின்ற அந்தப் பிளவில் இப்போது விசிட்டிங் கார்டு கூட நுழையவில்லை. மூடிக்கொண்டது. மகள் வந்து பார்த்துவிட்டு "தானா சரியாயிடுச்சாப்பா?" என்கிறாள். பிசின் விட்டு ஒரேயடியாக அடைத்துவிடலாமா?

இழைப்புளி:
ஐயோ, தொடாதீர்கள். மழை ஈரத்தில் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மார்ச்சில் மறுபடி வாயைத் திறக்கும். ஸ்க்ரூ இல்லாமல் அப்படியே சுவரோரம் நிறுத்தி வையுங்கள். டிசம்பர் கடைசியில் பிளவோடு வாளை ஓட்டி இரண்டாக அறுத்து, விளிம்பை இழைத்து மறுபடி ஒட்டிவிடலாம். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்க எட்டு கிளாம்ப் வேண்டும், ஆறு என்னிடம் இருக்கிறது.

மேடிசன்_ரிட்டர்ன்:
டிசம்பர் கடைசிக்கு நான் இங்கே இருப்பேன் என்பது உறுதி. நவம்பரைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை. போனால் ஒரு மாதமாகப் போய், சோதனை முடிவு வரும்வரை இருந்து, நானே வெட்டிச் சமைத்துவிட்டு வர வேண்டும், அதற்கு ஆபீஸில் லீவு கிடையாது. வீட்டில் இன்னும் பேசவில்லை.

சட்டப்பக்கம்:
ஒரு மாதமாகப் போனாலும் என் கருத்து மாறாது சார். மேசைப் படத்தை மட்டும் போடுங்கள்.

அல்சூர்_அடுப்பு:
ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் போகிறேன், காடை எத்தனை எடுக்கட்டும்?