எம்.எஸ்சி. கணித மாணவிகளுக்கு அறையும் வழிகாட்டிகளும் தேவை

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவிகள் சேர்ந்து கணக்குப் போட, சனிக்கிழமைக் கூட்டம் ஒன்று தொடங்குகிறோம். மதியம் 2 முதல் 4 வரை. நேரம் நீண்டால் ஊருக்குப் போகும் பஸ் தவறிவிடும், மறுவாரம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

குழுவுக்கு 4 பேர், 2 கணக்கு. இப்படிப்பட்ட கூட்டம் கெடுவதே நன்றாகப் படிப்பவர் கையில் மட்டும் சாக்பீஸ் இருப்பதால்தான். மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் 10 நிமிடத்துக்கொருமுறை சாக்பீஸ் கை மாறும். கணக்குக்கு ஒரு உதாரணம், சீரான தொடர்ச்சி (uniform continuity) என்ற பாடம். அதில் டெல்டா என்ற தூர அளவு புள்ளியைச் சார்ந்திருக்கக் கூடாது, எல்லாப் புள்ளிக்கும் ஒன்றே பொருந்த வேண்டும். பலர் சறுக்குவது அங்கேதான், வகுப்பில் கேட்கக் கூச்சப்படுவதும் அதைத்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கரும்பலகையுள்ள அறை வேண்டும், கழிப்பறை கட்டாயம். பகுப்பாய்வு (analysis), குலக் கோட்பாடு (group theory) பாடங்களைச் சொல்லித்தர ஆய்வு மாணவிகள் மாதம் ஒரு சனி வந்தால் போதும். வாய் திறக்கவே தயங்கும் பிள்ளைகளை எப்படிப் பேசவைப்பது? தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.