ஜீப்பின் பின்பகுதிக்குக் கூடுதல் விளக்கு

கேள்வி: பின்னிருக்கைக்கு மேல் 2 மீட்டர் எல்.இ.டி. பட்டை ஒட்டப்போகிறேன். கதவைத் திறந்தால் எரிய வேண்டும். இரவுச் சமையலுக்குத் தனி சுவிட்சும் வேண்டும். கூரை விளக்கின் வயரிலேயே சேர்க்கலாமா?

பதில் 1: தாராளமாக. மீட்டருக்கு 5 வாட் என்றாலும், 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியரைத் தொடாது. ஆனால் பல வண்டிகளில் கதவு சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் (வண்டியின் உலோக பாடியோடு சேரும் நெகட்டிவ் பக்கம்) இணைக்கும். பட்டையின் நெகட்டிவை நேரே பாடியில் முறுக்கினால் விளக்கு அணையவே அணையாது!

பதில் 2: இருவழி சுவிட்ச் வாங்குங்கள். நடுமுனையில் பட்டையின் நெகட்டிவ், ஒரு பக்கம் கதவு வயர், மறுபக்கம் பாடி எர்த். சமையலுக்குப் பட்டையை மட்டும் போட்டால், கூரை விளக்கு தேவையில்லாமல் எரியாது.

பதில் 3: பாசிட்டிவைப் பிரிக்கும் இடத்திலேயே 2 ஆம்பியர் ஃப்யூஸ். தகட்டுத் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். கரடுமுரடான பாதையில் வயரின் உறை தேய்ந்துபோகும்.

கேட்டவர்: நன்றி. மஞ்சள் ஒளிப் பட்டையே வாங்குகிறேன், பூச்சித் தொல்லையாவது குறையட்டும்.