இரண்டு குரோமோசோம், ஒரே சிடிஎன்ஏ: டிரான்ஸ்-ஸ்ப்ளைசிங்கா, பிசிஆர் பிழையா?

கேள்வி:
மனித புற்றுநோய் செல் லைன் ஆர்என்ஏவில் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை சிடிஎன்ஏ என்ற டிஎன்ஏ நகலாக்கிப் பெருக்கும் முறை) செய்ததில் 320 பேஸ் நீளத்தில் ஒரு பேண்ட். சீக்வென்ஸ் பார்த்தால் முன்பாதி ஒரு ஜீன், பின்பாதி வேறு குரோமோசோமில் இருக்கும் ஜீன். டிரான்ஸ்-ஸ்ப்ளைசிங், அதாவது இரண்டு தனி ஆர்என்ஏக்களின் துண்டுகள் ஒன்றாக ஒட்டப்படுவது, என்று சொல்லிவிடலாமா?

பதில் 1:
இப்போதே சொல்லாதீங்க. ஒட்டு விழுந்த இடத்தை முதலில் பாருங்க. ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏவில் இடையிலுள்ள இன்ட்ரான்களை வெட்டி, மீதி எக்ஸான்களை ஒட்டுவது) என்றால் ஒட்டு சரியாக எக்ஸான் எல்லையில் விழும்: ஜீனோமில் முதல் எக்ஸானை அடுத்து ஜிடி, இரண்டாவதுக்கு முன்னால் ஏஜி என்ற எழுத்துகள் இருக்கும். எக்ஸான் நடுவில் ஒட்டி, அங்கே ஐந்தாறு பேஸ் இரண்டு ஜீனுக்கும் பொதுவாக இருந்தால், அது சிடிஎன்ஏ செய்யும் என்சைமான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் கைவரிசை. படித்துக்கொண்டிருந்த ஆர்என்ஏவை விட்டுவிட்டு, அதே எழுத்துகள் உள்ள இன்னொன்றுக்குத் தாவிவிடும். ஏஎம்வி, எம்எம்எல்வி என்ற இரண்டு வகை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸிலும் தனித்தனியாக சிடிஎன்ஏ செய்யுங்க. ஒன்றில் மட்டும் பேண்ட் வந்தால் நம்பாதீங்க. இரண்டிலும் வந்தாலும், ஒட்டை ஆர்என்ஏவிலேயே நேரடியாகச் சோதிக்கும் ஆர்என்ஏஸ் புரொடெக்‌ஷன் அவசியம். அதில் அந்த என்சைமே கிடையாது.

பதில் 2:
புற்றுநோய் செல் என்றால் டிஎன்ஏவே உடைந்து ஒட்டியிருக்கலாம். ரத்தப் புற்றுநோயில் காணும் BCR-ABL இணைப்பு ஜீன் (பிசிஆர் முறை அல்ல) அப்படித்தான்: 9, 22 குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன, பிறகு நடப்பது சாதாரண ஸ்ப்ளைசிங். இங்கே பலர் சறுக்குவது: அதே பிரைமரை (பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஜீனோமிக் டிஎன்ஏவில் போட்டு, பேண்ட் வரவில்லை, ஆகவே குரோமோசோம் இடமாற்றம் இல்லை என்பார்கள். உடைப்பு இன்ட்ரானுக்குள் பல கிலோபேஸ் தள்ளி இருந்தால் பிசிஆர் எட்டவே எட்டாது. ஃபிஷ் (ஒளிரும் குறிகளால் குரோமோசோமில் ஜீன் இருக்கும் இடத்தைக் காட்டும் சோதனை) செய்யுங்க. கருப்பை உட்சுவர் செல்களில் ஜேஏஇசட்எஃப்1-ஜேஜேஏஇசட்1 என்ற இரு ஜீன்களின் இணைப்பு ஆர்என்ஏ இடமாற்றம் இல்லாமலே உருவாகிறது என்று 2008-ல் வந்த கட்டுரை பேசப்பட்டதும் இந்த வேறுபாட்டால்தான்.

கேட்டவர்:
சரி, சந்தேகத்துக்கே இடமில்லாத உதாரணம்?

பதில் 3:
டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணி. அதன் ஜீன்கள் வரிசையாக ஒரே நீள ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகின்றன. நடுவில் இருப்பவற்றுக்குத் தலையில் கேப் என்ற பாதுகாப்பு மூடி கிடையாது. எஸ்எல் ஆர்என்ஏ என்ற தனிச் சிற்றார்என்ஏ தன் முதல் 39 பேஸை, கேப்போடு சேர்த்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒட்டிவிடுகிறது. வழக்கமான ஸ்ப்ளைசிங்கில் வெளியேறும் இன்ட்ரான் சுருக்குக் கயிறு போல வளையும். இங்கே இரண்டும் தனி மூலக்கூறு என்பதால் ஒய் வடிவத் துண்டு மிஞ்சும். கிளை முறிக்கும் என்சைமைப் போட்டால் எஸ்எல்லின் மிச்சம் நேர்த்துண்டாகப் பிரிந்துவிடும். சி. எலிகன்ஸ் புழுவில் எஸ்எல்1 22 பேஸ். ஒபெரானில் (ஒரே ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும் ஜீன் வரிசை) பின்னால் நிற்கும் ஜீன்களுக்குப் பெரும்பாலும் எஸ்எல்2. அந்த 22 பேஸையே முன்பிரைமராகப் போட்டு 5 பிரைம் முனையை (ஆர்என்ஏவின் தலைப்பக்கம்) பிடிக்கலாம். மனித செல்லில் முயலாதீங்க, அங்கே எஸ்எல் ஆர்என்ஏ இல்லை.