கல்ஃப் ஸ்ட்ரீம் வடக்கு விளிம்பு: ரிச்சர்ட்சன் எண்ணை எந்த அளவில் கணக்கிடுவது?

வணக்கம். கடல் அளவீட்டுத் தரவில் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

38° வடக்கு அருகே, அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டமான கல்ஃப் ஸ்ட்ரீமின் குளிர் விளிம்பைக் குறுக்காக வெட்டும் கப்பல் தரவு. அடர்த்தி ஆழத்தில் 1 மீட்டருக்கு ஒன்று. டாப்ளர் கருவி (ஒலி எதிரொலியால் நீரோட்ட வேகத்தை அளப்பது) தரும் வேகம் 8 மீட்டருக்கு ஒன்று. காற்று ஓட்டத்தின் திசையிலேயே கிழக்காக வீசியது; எக்மன் நகர்வு (காற்றால் மேல்நீர் அதன் வலப்பக்கம் நகர்வது) வடக்கின் கனமான நீரைத் தெற்கின் லேசான நீர்மேல் தள்ளும் நிலைமை.

அடர்த்தியையும் 8 மீட்டருக்குச் சராசரியாக்கிப் பார்த்தால், மேல் 50 மீட்டரில் ரிச்சர்ட்சன் எண் (அடர்த்தி அடுக்கின் உறுதிக்கும் ஆழத்தோடு வேகம் மாறுவதற்கும் உள்ள விகிதம்) 0.5 வருகிறது. சிக்கலே இங்கேதான். சுழிப்பு (நீரோட்டத்தின் சுழலும் தன்மை) புறக்கணிக்கத்தக்கதாக இருந்தால், சமச்சீர் நிலையின்மைக்கு (விளிம்பில் நீர் சாய்வாகப் புரண்டு கலப்பது) எண் 1-க்குக் கீழே இருந்தால் போதும். ஆனால் இந்த விளிம்பில் சுழிப்பு கிட்டத்தட்ட கொரியோலிஸ் அளவுக்கே (பூமிச் சுழற்சியின் விளைவைக் குறிக்கும் எண்) இருப்பதால் வரம்பு 0.5-க்கு இறங்கிவிடுகிறது. மறுபக்கம், 8 மீட்டர் சராசரி மெல்லிய அடுக்குகளின் வேக வேறுபாட்டை மழுப்புகிறது. உள்ளே 0.25-க்குக் கீழே போய் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலைகள் (வேக வேறுபாட்டால் அடுக்குகளுக்கிடையே சுருளும் அலைகள்) உடைந்து கலந்தாலும் தெரியாது.

திசைகாட்டிப் பிழையும் உண்டு. கப்பல் 4 மீ/வி வேகத்தில் போகும்போது 1° பிசகினால் 0.07 மீ/வி தப்பு; திரும்பி வரும் பாதையில் குறி மாறி 0.14 ஆகத் தெரியும். ஆழத்துக்கு ஆழம் வேகம் மாறும் அளவை இது தொடாது. கப்பல் வேகம் மாறிய இடங்களில் சுழிப்பைக் கெடுக்கும்.

என் கேள்விகள் இரண்டு: நுண் கொந்தளிப்புக் கருவி இல்லாமல், தோர்ப் அளவை (அடர்த்தித் தரவில் தெரியும், தலைகீழாகப் புரண்ட அடுக்குகளின் அளவு) மட்டும் வைத்து, சமச்சீர் நிலையின்மையையும் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் கலப்பையும் பிரிக்க முடியுமா? சுழிப்பை எத்தனை கிலோமீட்டருக்கு மென்மைப்படுத்துகிறீர்கள்?