வேலைக்குப் போகும் நாட்களில் தேவ சமுகத்தைத் தேடுவது எப்படி?

ஆம்பூர்_சகோதரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அதிகாலையில் முழங்காலில் நின்றால் நேரம் போவதே தெரியாது, ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று அப்படித் தெளிவாகத் தெரியும். இப்போது சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்றாகிவிடுகிறது. லைனில் உட்கார்ந்தால் மெஷின் சத்தம், டார்கெட், கொஞ்சம் பின்தங்கினாலும் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார். ராத்திரி பைபிளைத் திறந்தால் ஒரு அதிகாரம் முடிவதற்குள் கண் சொக்கிவிடுகிறது. ஞாயிறு ஆராதனையில் மட்டும் மனம் உருகுகிறது, திங்கட்கிழமை மறுபடி வெறுமை. "ஜெபம் குறைந்தால் தேவன் முகத்தை மறைத்துக்கொள்வார்" என்று ஜெபக் குழுவில் ஒருவர் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. உண்மையாகவே அவர் என்னைவிட்டுப் போய்விட்டாரா? வேலைக்குப் போகிறவர்கள் எப்படித்தான் அவர் சமுகத்தில் நிற்கிறீர்கள்?

வேலூர்_பெரியவர்:
மகளே, அந்தப் பேச்சை முதலில் மனசிலிருந்து எடுத்துப்போடு. 1 இராஜாக்கள் 19-ஐப் படித்துப் பார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தேவதூதன் ஜெபக் குறைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன, சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார், தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பினான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். களைத்துப்போன உடம்பைத் தேவன் குற்றம் சாட்டுவதில்லை. உனக்கு அவர் இருப்பது தெரியவில்லை என்பது வேறு, அவர் இல்லை என்பது வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "முகத்தை மறைத்துக்கொள்வார்" என்று பயமுறுத்துவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நைட்_டியூட்டி:
அக்கா, நான் நர்ஸ். வார்டில் அரை மணி நேரம் ஜெபிக்க எங்கே முடியும்? ஆனால் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் முன் கை கழுவியே ஆகவேண்டும், அந்த நேரத்தில் அடுத்த படுக்கையில் இருப்பவரை ஆண்டவரிடம் ஒரே வரியில் சொல்லிவிடுவேன். சில ராத்திரி ஒன்றும் தோன்றாது, வெறும் வாய் வார்த்தையாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்வேன். இன்னொன்று, நம் ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவுக்கு டாக்டராகும் அழைப்பு எப்படி வந்தது? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள், மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை, ஆண் மருத்துவரை உள்ளே விட மாட்டார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். தேவன் பேசியதாக அவர் எடுத்துக்கொண்டது அந்தக் கதவு தட்டலைத்தான். சூப்பர்வைசர் வந்து நிற்கும் நேரத்திலும் அவர் உங்களோடு இருக்கிறார் அக்கா.

காட்பாடி_அந்தோணி:
நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைச் சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முன்னாள் படைவீரர், கால் ஊனம், மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையலறை வேலை. செப நேரத்துக்கும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்யும் நேரத்துக்கும் தனக்கு வித்தியாசமே இல்லை, இரண்டிலும் ஆண்டவரோடு ஒரே மாதிரிதான் இருக்கிறேன் என்றவர். பிற்பாடு அவரை மாற்றியது எங்கே தெரியுமா, செருப்புத் தைக்கும் பட்டறைக்கு! உங்கள் தொழில்தான் சகோதரி. ஆனால் இது அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை, முதல் பத்து வருடம் ரொம்பவே கஷ்டப்பட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். மனம் விலகிப் போனது தெரிந்த உடனே திரும்பி வந்துவிடுவார், போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டு நிற்க மாட்டார். எனக்கு இன்றும் கைகொடுப்பது அதுதான்.

குடியாத்தம்_பிரதர்:
எல்லாம் சரி, ஆனால் வேலைக்கு நடுவே ஜெபிக்கிறோம் என்று தனி ஜெபத்தை விட்டுவிடக் கூடாது. இயேசுவே இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. சகோதரிக்கு விசுவாசம் குறையவில்லை, நேரம்தான் இல்லை. அந்த நேரத்தை வீட்டுக்காரர் கொடுக்கலாமே! டிபன் கட்டுவதையும் பிள்ளைகளைக் கிளப்புவதையும் காலையில் அவர் பார்த்துக்கொண்டால் இருபது நிமிடம் கிடைக்கும். இதை ஆண்களிடம் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஆம்பூர்_சகோதரி:
படிக்கப் படிக்க அழுதுவிட்டேன். பிரதர் சொன்னதை வீட்டுக்காரரிடம் காட்டினேன், சனிக்கிழமையிலிருந்து பிள்ளைகளை நான் கிளப்புகிறேன் என்றிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும், லைனில் மெஷின் ஓடும்போது கண்ணை மூட முடியாது, வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். மனசுக்குள் சொன்னால் அது ஜெபம் ஆகுமா?

வேலூர்_பெரியவர்:
ஆகும் மகளே. நெகேமியா 2:4 பார். ராஜா கேள்வி கேட்கிறார், நெகேமியா ஜெபம் பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறார், எல்லாம் ராஜாவின் முன்னால் நின்றபடியே. அன்னாளும் தேவாலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்துவிட்டார், கர்த்தருக்கு நன்றாகவே கேட்டது. ஊசியில் கண் இருக்கட்டும். சனிக்கிழமை எப்படிப் போனது என்று எழுது.