மறு: சினாப்சிட் – ‘ஒருவளைவி’ எனலாமா?

அன்பு நண்பர்களே, வணக்கம். அழிந்துபோன வேட்டை விலங்கான இனோஸ்திரான்செவியா பற்றிய கட்டுரைக்காக, அது அடங்கிய சினாப்சிட் என்ற விலங்குக் கூட்டத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் என் கருத்து இது.

இனோஸ்திரான்செவியா கட்டுரையில் ‘பாலூட்டி போன்ற ஊர்வன’ என்ற பழைய தொடரை விட்டுவிடலாம் என்பதே என் முதல் வேண்டுகோள். அந்த விலங்கு ஊர்வனவின் கிளையில் வந்ததே இல்லை. ஊர்வனவின் மூதாதையும் நம் மூதாதையும் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. நாம் வந்த கிளைதான் சினாப்சிட். அதில் இனோஸ்திரான்செவியா நமக்கு நேர் பாட்டனார் அல்ல, பங்காளி.

டைனோசர்களுக்கு முன்பு, பெர்மியன் காலக் கடைசியில் வாழ்ந்த இவ்வளவு பெரிய வேட்டை விலங்கைத் தமிழில் அதிகம் பேர் அறியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மூன்று மீட்டர் நீளம், வாள் போன்ற கோரைப்பல். வட ரஷ்யாவில் டிவினா ஆற்றங்கரையில் 1899 முதல் விளாதிமிர் அமலித்ஸ்கி தோண்டியெடுத்தார். பெயர் அச்சேறியது அவர் இறந்தபின், 1922இல். தென்னாப்பிரிக்காவின் கரூ படுகையில் 2010, 2011இல் கிடைத்த புதைபடிவங்களை 2023இல் புதிய இனமாக அறிவித்தார்கள். அங்கிருந்த பெரிய வேட்டை விலங்குகள் அழிந்த இடத்தில் இது வந்து அமர்ந்து, 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் தானும் போய்விட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். சினாப்சிட்களின் மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு துளை உண்டு. அதை வைத்து இழையில் முன்வைத்த ‘ஒற்றைத்துளையி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளாட்டிபஸ், எக்கிட்னா அடங்கிய முட்டையிடும் பாலூட்டிகளான மோனோட்ரீம்களின் பெயருக்கும் கிரேக்கத்தில் அதே பொருள்தான், ஆனால் அது கழிவும் முட்டையும் வெளியேறும் வேறு துளை. அவையும் சினாப்சிட்களே என்பதால் இரண்டு சொல்லும் ஒரே பத்தியில் வந்து மோதும்.

சினாப்சிட் என்ற பெயரில் உள்ள கிரேக்கச் சொல் ‘அப்சிஸ்’ என்றால் வளைவு. நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். புடைக்கும் தசை கன்ன எலும்பின் வளைவுக்கு உள்ளே இறங்கித் தாடையைப் பிடித்திருக்கிறது. இனோஸ்திரான்செவியாவின் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளையும் இதே இடைவெளிதான். துளைக்குப் ‘பொட்டுத்துளை’, கூட்டத்துக்கு ‘ஒருவளைவி’ என்பது என் பரிந்துரை. பல்லி, முதலை, டைனோசர், பறவை அடங்கிய, பக்கத்துக்கு இரண்டு துளையுள்ள டயாப்சிட் ‘இருவளைவி’ ஆகும். துளையே இல்லாத அனாப்சிட் ‘வளைவிலி’, முதுகெலும்பிலி மாதிரி. மூன்றும் ஒரே அச்சில் அமைவது மாணவர்களுக்கு எளிது. தென்மாவட்டப் பேச்சில் வளவி என்றால் வளையல்தான். முன்னொட்டோடு வரும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

சினாப்சிட்களில் இனோஸ்திரான்செவியா சேர்ந்த உட்பிரிவான கோர்கோனாப்சியாவைக் ‘கொற்றவைமுகி’ ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கோர்கன் கிரேக்கக் கதைப் பாத்திரத்தின் பெயர், ஒலிபெயர்ப்பே போதும். அப்புறம், வாள் போன்ற கோரைப்பல்லுக்கு ‘வாட்பல்’ அருமையான சொல், அப்படியே ஏற்கலாம். ஆனால் பின்னாளில் வந்த வாட்பல் பூனைகளுக்கும் அது வேண்டும் என்பதால், பல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். கூட்டத்தின் பெயராக்க வேண்டாம்.

‘இனோஸ்திரான்செவியா பெர்மியன் கால ஒருவளைவி, மனிதரும் ஒருவளைவிகளே.’ இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.